வாடகை சொன்ன வருஷம்

புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். மழை பெய்தால் உளுந்து, கம்பு போடுவேன். மற்ற நாளில் கோவில்பட்டி ஸ்டாண்டில் என் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன்.

மார்கழி, தையில் வடக்கே குளிர் தேசங்களிலிருந்து பூனைப்பருந்து எங்கள் தரிசுக் காட்டில் வந்து இறங்கும். பொழுது சாய்ந்ததும் புல்லுக்குள் அடையும். நாங்கள் அதை நின்று பார்த்ததில்லை. அதைப் பார்க்கவென்றே இங்கிலாந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வருஷம் தவறாமல் வந்தார்கள். இரண்டு பேரும் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கோவில்பட்டியில் ரூம் எடுப்பார்கள். கார் என்னுடையது. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பருந்தைக் கண்டால் அந்த அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டுவார். நான் பிரேக் போட வேண்டும். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

போன வருஷம் ஐப்பசி கழிந்தும் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டேன்.

"கவலப்படாதீங்க அண்ணாச்சி. அவிய காசுக்கு இப்ப நம்ம ரூவா கூடக் கெடைக்கு. கண்டிப்பா வருவாவ."

கார்த்திகையில் போனில் செய்தி வந்தது. தமிழாக்கிப் படித்தேன். விமான டிக்கெட் ஏறிவிட்டதாம். வீட்டில் கரண்டு பில், கேஸ் பில் எல்லாம் ஏறிவிட்டதாம். பென்ஷனில் கட்டிவரவில்லை. இலங்கைக்கு ஒரு டூர் கம்பெனி கார், ரூம், சாப்பாடு சேர்த்து ஒரே விலையாகச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் வரத்தான் ஆசை, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நெருக்கடியில் இருப்பவரிடம் ரேட் பேசுவதா? "நீங்க வாங்க. பாத்துக் குடுங்க, போதும்" என்று அனுப்பினேன். பழகியவர்களிடம் நாங்கள் அப்படித்தான். துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கு ஓட்டினாலும் சரி, பெண் பார்க்க ஓட்டினாலும் சரி, கொடுப்பதை எண்ணாமல் பையில் வைப்பேன். யாரும் குறைத்ததில்லை.

பதில் வரவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரி தெருவில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் சொன்னேன்.

"என்னன்னு அனுப்புனீங்க?"

"பாத்துக் குடுங்கன்னு."

"வெளங்கிரும். இந்நேரம் இலங்கைக்கு டிக்கெட்டு போட்டிருப்பாவ."

"ஏட்டி, மரியாதையாத்தான சொன்னேன்."

"என்ன மரியாத? கடையில சோப்ப எடுத்து வெல கேக்கவன்கிட்ட, பாத்துக் குடுங்கன்னு நான் சொன்னா வாங்குவானா? வச்சிட்டு ஓடிருவான். அளந்து காசு வச்சிருக்கவியளுக்குப் பயமா இருக்காதா?"

"தெரிஞ்சவியகிட்ட எப்பிடிட்டி வெல சொல்ல?"

"பருந்துக்குத்தான் டிக்கெட்டு கெடையாது. இவியளுக்கு உண்டும்லா. சொல்லுங்க."

லாட்ஜ் மேனேஜரிடம் பேசினேன். ரூம் வாடகையைக் கொஞ்சம் குறைத்தார். டீசலும் என் கூலியும் சேர்த்தேன்.

"சாப்பாட்டுக்கு எவ்வளவு போட?" என்று அவளிடம் கேட்டேன்.

"நம்ம வீட்டுல திங்கதுக்கா? ஒங்களுக்கு எப்பிடி வாய் வருது?"

ஆனால் இலங்கைக் கம்பெனி சாப்பாடும் சேர்த்தல்லவா சொல்லியிருக்கிறது. 'மதியச் சாப்பாடும் இதில் அடக்கம்' என்று எழுதிப் போட்டேன். அதற்கென்று எதுவும் கூட்டவில்லை. விலையை அனுப்பும்போது கை கூசியது.

மறுநாளே பதில் வந்தது. தங்கும் நாளைக் குறைத்துக்கொண்டு வருகிறோம் என்றார்கள்.

தை பிறந்து வந்தார்கள். அந்த ஐயா கொஞ்சம் இளைத்திருந்தார். மதியம் வீட்டில் கம்பு தோசையும் கடலைச் சட்னியும். முன்பெல்லாம் ஒரு தோசையோடு தட்டின் மேல் கையை வைத்துவிடுவார். பிடிக்கவில்லையாக்கும் என்று நானும் விட்டுவிடுவேன். இந்தத் தடவை அவர் கணக்கில் அது காசு கொடுத்த சாப்பாடு. இரண்டு போனது. மூன்றாவதுக்குத் தட்டை அவரே நீட்டினார். அந்த அம்மா சட்னிக் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசமும் இந்த மனுசன் பசியோடதான் எந்திரிச்சிருக்காரு."

அடுத்த தோசைக்குக் கல்லில் மாவை ஊற்றினாள்.