கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி

என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் நடந்துகொண்டேதான் நடத்துவேன். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினை நம்பி வாழத் தொடங்கிய பிறகு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. குலசேகரத்தில் காற்றடித்தால் எங்காவது ஒரு ரப்பர் மரம் கம்பியில் சாயும், கரண்ட் போகும். மெஷின் நிற்கும். வாடகைக்கு எடுத்த சிலிண்டரைத் திறந்துவிட்டு, அதன் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் அலைவேன்.

கல்ஃபில் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பிய தம்பிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க் கடைக்கு வந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளை வாங்கி, உள்ளே இருந்த விரல் நீள செல்களைப் பிரித்து, மீட்டர் வைத்து, தேறியதை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கினான். அதில் மெஷின் நான்கு மணி நேரம் ஓடியது. அப்பா அவனைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினார். இனி எதற்கு என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவன் பெட்டியை வீட்டுக்குள் வைக்கவில்லை. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை, புகை அப்பாவுக்கு ஆகாது என்பதால் பின்முற்றத்தில் காலியாகக் கிடந்தது. அங்கே வைத்து, வீட்டுக்குள் வயர் இழுத்தான். கரண்ட் போனால் யாராவது ஓடிப்போய் சுவிட்சைப் போட வேண்டும். இரண்டு மழைக்கு ஓடினேன். மூன்றாவது மழையில் சேற்றில் வழுக்கி விழுந்தேன். எழுந்தபோது கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

“ஏலே, அத எடுத்து அப்பாக்க கட்டிலுக்கு அடியில வை.”

“வேண்டாம் எக்கா. பழைய செல்லு. எது எப்பம் காலை வாரும்னு சொல்ல முடியாது. அது வெளியதான் இருக்கணும்.”

“நீ செஞ்சத நீயே நம்பலியா?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் நான் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போய் வருவதற்குள் பெட்டி கட்டிலுக்கு அடியில் வந்திருந்தது.

அதன் பிறகாவது நிம்மதியாக இருந்தேனா என்றால் இல்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைப் பெட்டியில் வைத்துப் பார்ப்பேன். கறி தாளிக்கும்போது ஒரு முறை, நோட்டுத் திருத்தும்போது ஒரு முறை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் இனிப்பாக, நகத்துக்குப் போடும் பாலிஷ் போல, ஒரு வாடை வந்தது. புகை போடாத ஷீட்டுகள் அடுத்த அறையில்தான் தொங்கின. எங்கள் வீட்டில் பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் புளித்த ரப்பர் பாலும் மணக்காத நாள் கிடையாது. ஷீட்டு மணம்தான் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஜன்னலைத் திறந்தும் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மெஷின் பெட்டியில் ஓடியது. நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கரண்டியைத் தள்ளினார்.

“ஏட்டி, இது ஷீட்டு மணம் இல்ல.”

காலமெல்லாம் ஷீட்டு வியாபாரம் செய்தவர். குனிந்து கையை வைத்தேன். பெட்டியின் ஒரு மூலை சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். ஓடிவந்தவன் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியை இழுக்கப்போன என்னைத் தள்ளிவிட்டான்.

“அதத் தொடாத! அப்பாவத் தூக்கு!”

அப்பா தானே குழாயைப் பிடுங்கி எறிந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கியபோது உள்ளே படபடவென்று வெடித்தது. ஜன்னல் வழியாக வெள்ளைப் புகை வந்தது. அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சிலிண்டர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அப்பாவை மார்பில் சாய்த்துக்கொண்டு, முன்சீட்டில் இருந்த தம்பியை நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

“உனக்க குப்ப வேலையால எனக்க அப்பா போனாரு பாத்துக்கோ! கொன்னுட்ட நீ!”

அவன் திரும்பவே இல்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த அறை மட்டும் எரிந்தது. மூன்றாம் நாள் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிய உடனே அவர் கேட்டது இதுதான்.

“அத எனக்க கட்டிலுக்கு அடியில வச்சது யாருலே?”

தம்பி என்னைப் பார்க்கவில்லை.

“நாந்தான் அப்பா. வயரு எட்டல.”

நான் அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

இப்போது அப்பா வீட்டில், வேறு அறையில் இருக்கிறார். சிலிண்டர் திரும்ப வந்துவிட்டது. பேட்டரி என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. போன வாரம் கரண்ட் போய்த் திரும்பி வந்தும் அப்பாவின் அறையில் மட்டும் விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. தம்பி டெஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“அவன் தொடாண்டாம்” என்றார் அப்பா. “வெளிய யாரையாவது கூப்பிடு.”

அவன் டெஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனான். நான் சமையலறைக்கும் அப்பாவின் அறைக்குமாக நான்கு முறை நடந்தேன். நான்காவது முறை அப்பா, “என்ன ஏட்டி?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லப்பா” என்றேன்.