காந்த வளையத்துக்கு ஓர் அமாவாசை சவாரி

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டாண்டில் என் நைனா மின்சார ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். போன வருஷம் அந்த வண்டியின் மோட்டாருக்குள், தண்டின் முனையில், நான் வடிவமைத்த ஒரு வளையம் இருந்தது. காந்தத் தூளை நைலானோடு கலந்து உருக்கி, அச்சில் செலுத்தி வார்த்த வளையம். பார்க்கப் பருமனான கறுப்பு மோதிரம் போல இருக்கும். மோட்டார் இந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வண்டிக்குச் சொல்வது அதன் வேலை. அதில் விரிசல் விழுந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுத்து, நின்றுவிடும்.

முன்பிருந்த வளையம் அப்படித்தான் விரிசல் விட்டது. காரணங்கள் இரண்டு என்று என் நோட்டில் எழுதியிருந்தேன். ஒன்று, சூடாகி ஆறும்போது நைலான் இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு விட்டுக்கொடுக்காது, வளையம்தான் பிளக்கும். இரண்டு, உருகிய கலவை அச்சுக்குள் இரண்டு பக்கமாகச் சுற்றி வந்து சந்திக்கும் இடத்தில் பலவீனமான ஒரு கோடு உண்டு. பிளவு அங்கிருந்து தொடங்கும். எனவே தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே முடியளவு இடைவெளி விட்டு, ரப்பர் போல இழுபடும் பசையால் நிரப்பினேன். கலவை நுழையும் வாயை இடம் மாற்றி, அந்தக் கோடு வளையத்தின் தடித்த பகுதியில் விழும்படி செய்தேன். முழுக்க நானே வரைந்த முதல் பாகம் அது.

நான் வேலை பார்க்கும் ஆலையின் அடுப்பிலும் குளிர்பெட்டியிலும் அது மாறி மாறிக் கிடந்து பிழைத்துவிட்டது. ஆனால் மோட்டார் செய்யும் நிறுவனத்துக்கு அது போதவில்லை. ரோட்டில் ஓடும் வண்டியில் மோட்டார் நூறு டிகிரியைத் தாண்ட வேண்டும், அந்தச் சூட்டோடு தண்ணீரில் நனைய வேண்டும், வளையம் முழுசாக இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் இது நடக்காவிட்டால் வேறொருவருடைய வளையத்துக்குப் போய்விடுவோம் என்றார்கள். சோதனைக்கு ஒரே ஒரு வண்டி. தினமும் அளவு பார்க்க வசதி என்று நைனாவின் வண்டியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

மோட்டாரின் மேல் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருந்தோம். அது சூட்டை அளந்து என் போனில் ஒரு கோடாக வரைந்து காட்டும். முதல் வாரம் கோடு தட்டையாக இருந்தது. இரண்டாவது வாரமும் அப்படியே. பெட்டிதான் பழுது என்று நினைத்து மாற்றினேன். மூன்றாவது வாரமும் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது கேட்டேன். "நைனா, வண்டி எங்கெங்க ஓட்ற?"

"ரோடு நல்லா இருக்கிற இடமெல்லாம் ஓட்றேன்."

"மேல்மலையனூர் சவாரி?"

"வேணாம்னுட்டேன். குண்டும் குழியுமா கீது. உள்ள உன் காந்தம் இருக்குது இல்ல."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பேருக்கு மேல ஏத்தறதில்ல. நேத்து கோட்டை மேட்டுல என்னையே எறக்கி வுட்டுட்டாரு. நடந்து வாடி, மோட்டாரு மூச்சு வாங்குதுன்றாரு. எனக்கு வாங்கனது யாருக்குத் தெரியும்?"

"தண்ணி பட்டுச்சா?" என்றேன்.

"ஒரு சொட்டு படல," என்றார் நைனா பெருமையாக. "மழைன்னா பாலித்தீன் போட்டு மூடிடறேன்."

இருபத்தொரு நாள் சோதனை வீண். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா மேட்டில் நடந்ததை நினைத்துச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது உடையுதான்னு பாக்கத்தான் நைனா வெச்சிருக்கோம்," என்றேன்.

"உடையட்டும்னா எதுக்குச் செஞ்ச?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "என் வண்டில உடைஞ்சுதுன்னா, அப்பன் கெடுத்துட்டான்னு உன் ஆபீசுல பேசுவாங்களே."

"சூடே ஏறலன்னா அவங்க இப்பவே வேற வளையத்துக்குப் போயிடுவாங்க. உடைஞ்சா ஏன் உடைஞ்சுதுன்னாவது எனக்குத் தெரியும்."

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அதற்குள் ஓர் அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாள். நைனாவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஆள் நிறைய ஏற்றுவது, மேல்மலையனூர் ரோடு, மேட்டில் நிற்க வைத்து எடுப்பது, சூடு ஏறியதும் தண்ணீர் ஊற்றுவது. மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் படித்தார்.

"இதெல்லாம் பண்ணாதேன்னுதான்மா வண்டி புக்குல போட்டிருக்கான்."

அமாவாசையன்று லீவு போட்டுவிட்டு நைனாவின் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தேன். பின்னால் ஒரு குடும்பம்: பெரியவர்கள் மூன்று பேர், மடியில் இரண்டு பிள்ளைகள், காலடியில் பூசணிக்காய் மூட்டை. ஊரைத் தாண்டுவதற்குள் அறுபது டிகிரி. நான் சத்தமாகச் சொல்ல, நைனா முகத்தைச் சுளித்தார்.

"இன்னாண்ணே, பொண்ணு போனயே பாத்துக்கினு ஏதோ ஏலம் வுடுது?" என்று பின்னாலிருந்த அக்கா கேட்டாள்.

"அது இன்ஜினியரு. மோட்டாருல இருக்கிற காந்தம் அது செஞ்சது."

"காந்தமா? பாத்துப் போ. எதுர்ல வர்ற பஸ்சுல போயி ஒட்டிக்கப் போவுது."

எண்பதில் வந்து நின்றுவிட்டது. மேடுகளால் அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. கோயில் ஊர் நெருங்கியதும் சிறப்புப் பேருந்துகள் வரிசையாக மறித்து நின்றன. நாலடி நகர்வது, நிற்பது, மறுபடி நாலடி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பாரம் முழுவதையும் மோட்டார் இழுத்தாக வேண்டும். எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து. பின்னாலிருந்த பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நூற்று மூன்று வந்தபோது கைதட்டினார்கள். நெரிசலில் சந்தோஷமாக இருந்த ஒரே வண்டி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவர்களை இறக்கிவிட்டு, ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்புசெட்டுக்குப் போனோம். நிலத்துக்காரரிடம் கேட்டு நைனா பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். பிடித்தவர் ஊற்றாமல் நின்றார்.

"நீயே ஊத்துமா."

"ஓட்டுறவங்க கையாலதான் நைனா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. மோட்டாருக்குள் டிக் என்று ஒரு சத்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். ஆறுகிற இரும்பும் அப்படிச் சத்தம் போடும், பிளக்கிற வளையமும் போடும். மோட்டாரின் முத்திரையை உடைக்க எனக்கு அனுமதி இல்லை. வண்டியைக் கிளப்பச் சொன்னேன். வெட்டாமல் கிளம்பியது. ஆனால் மயிரிழை விரிசல் முதல் நாளே காட்டிக்கொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் திண்டிவனம் பக்கம் இருக்கும் அந்த மோட்டார் நிறுவனத்துக்கு வண்டியோடு போனோம். சோதனை அதிகாரி மோட்டாரைத் திறந்து வளையத்தைக் கழற்றினார். அதன்மேல் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளை மாவு போன்ற ஒன்றைத் தெளித்தார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். நைனா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். மேல்பக்கம் வெள்ளை. திருப்பினார். அங்கும் வெள்ளை. பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பலவீனக் கோட்டை மட்டும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். எங்கும் சிவப்பு இல்லை.

அதிகாரி படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். சூடு, நேரம், தூரம் எல்லாம் நான் சொன்னேன். ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கட்டம் ஒன்று இருந்தது.

"வண்டிய எப்படி ஓட்டினீங்க?"

நைனா நிமிர்ந்து நின்றார். "ரொம்ப மோசமா ஓட்னேன் சார்."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.