சாலமோன் வண்டியின் கறுப்புப் பட்டை

என் வீட்டுக்காரர் சாலமோனுக்கு வண்டியில் இருந்த குரோம் என்றால் உயிர். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப் வண்டி அது. முன்பு வைத்திருந்த ஆள் முன்பக்க கிரில், பானட் மேல் ஒரு நீளப் பட்டை, கதவு ஜன்னல்களுக்குக் கீழே ஒரு பட்டை, பக்கக் கண்ணாடிகளைத் தாங்கும் கம்பிகள் என்று கல்யாணப் பெண்ணுக்கு நகை போட்டதுபோல் பளபளவென்று மாட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன்பு இவர் அதைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். சேலை கட்டி, பைபிளையும் எடுத்துக்கொண்டு நான் வாசலில் நின்று கத்துவேன்.

"ஆராதனை ஆரம்பிச்சிருப்பாங்க. அந்த வண்டியையே கட்டிக்கினு இருங்க!"

"தோ வந்துட்டேன் ரோஸி" என்பார். வரமாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷர் போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் சோறுகூடத் தின்னாமல், உப்புத்தாளும் மாஸ்கிங் டேப்பும் இரண்டு டப்பா ஸ்பிரே பெயின்ட்டும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"குரோமுக்கெல்லாம் கறுப்பு அடிக்கப் போறேன்."

"எதுக்கு?"

"இப்ப எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க. ஃபேஷன்."

ஐம்பத்திரண்டு வயசில் ஃபேஷனாம்! பக்கத்து வீட்டு கங்கம்மாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் கொஞ்ச நாளாகவே இவர் போக்கு சரியில்லை. சர்ச்சில் வசனம் வாசிக்கக் கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். போனில் நம்பர் போட என்னைக் கூப்பிடுவார். மதிய வெயிலில் வாசலுக்கு வந்தால் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "தூக்கம் பத்தல" என்பார். விடியும் முன்பே எழுந்து ஓடுகிற ஆள், தூக்கம் பத்தாதுதான் என்று நானும் விட்டுக்கொண்டிருந்தேன்.

பெயின்ட் இவருக்குப் புதிதில்லை. பம்பர் செய்கிற கம்பெனி ஒன்றில் பெயின்ட் ஷாப்பில்தான் பல வருஷம் இருந்தார். பெயின்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி மறைக்கிற வேலை. அங்கே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் உள்ளே போகக்கூடாது. துளி எண்ணெய் பட்டாலும் பெயின்ட்டில் குழி விழுந்துவிடுமாம். அதனால் எங்கள் கல்யாணத்தன்றுகூட இவர் தலை வறண்டுதான் இருந்தது. என் அத்தைமார்கள் மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று பேசிக்கொண்டார்கள். அங்கே இன்னொரு சட்டம், ஈரப் பெயின்ட்டில் விரல் வைக்கக்கூடாது. எங்கள் மகள் ஜெர்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, புதிதாகப் பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டாள். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் அவளைத் திட்டித் தீர்த்தார். பிள்ளையை அடிக்காத மனுஷர் கையை ஓங்கிக்கொண்டு போனது அன்றைக்கு மட்டும்தான். பிறகு இவர் மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் நிறுத்தினார்கள். இவர் இந்த வண்டியை வாங்கி, மண்ணூரில் ஒரு சின்ன யூனிட்டிலிருந்து ஒரகடத்தில் இருக்கிற கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் ஏற்றிப் போக ஆரம்பித்தார். தாமதமானால் அங்கே கார் பூட்டுகிற லைனே நின்றுவிடும். ஒரு நாளும் நின்றதில்லை.

ஜெர்சிக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. கம்பெனி பஸ் தெரு முனைக்கே வருகிறது. ஆனால் ஆறேழு மாதமாக அவள் பஸ்ஸில் ஏறுவதில்லை. காலை ஷிஃப்டுக்கு அப்பாவோடுதான் வண்டியில் போவேன் என்று ஒரே அடம். பஸ்ஸில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு போகாமல், இந்த டப்பா வண்டியில் இடுப்பு ஒடியக் குலுங்கிக்கொண்டு போவானேன் என்று நானும் அவளும் சண்டை போடாத வாரமில்லை.

ஞாயிறு மத்தியானத்துக்கு வருகிறேன். உப்புத்தாளால் குரோமைத் தேய்த்தார், சோப்புத் தண்ணீரில் கழுவினார், தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். பட்டையின் ஓரத்தைக் கட்டை விரல் நகத்தால் தடவிக்கொண்டே டேப்பை ஒட்டினார். பெயின்ட் தெறிக்காமல் இருக்க நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டேன். ஒட்டின டேப் நூல் பிடித்த மாதிரி இருந்தது. கை வித்தை போகவில்லை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்ளும்.

பானட் பட்டைக்கு அடித்துவிட்டு, ஜன்னல் பட்டைக்கு வந்தார். அடித்து முடித்ததும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பே படாமல் அப்படியே மின்னியது.

"இங்க வுட்டுட்டீங்களே."

"எங்க?"

"கண்ணுக்கு நேரா கீது, எங்கன்னு கேக்கறீங்க."

அவர் குனிந்தார். முகத்தைப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் கையை நீட்டி, ஈரப் பெயின்ட் மேல் விரலை வைத்துத் தடவினார். கறுப்பு எங்கே முடிகிறது, குரோம் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தேடினார்.

ஐயோ, எனக்குப் பகீரென்றது. கையில் இருந்த பேப்பர் கீழே விழுந்தது. அவர் மூன்று விரலிலும் கறுப்பு. பட்டையில் மூன்று கோடு. செய்துவிட்ட காரியம் அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "காஞ்சிடுச்சான்னு பாத்தேன்" என்றார்.

நான் வண்டியின் முன்னால் போய்ப் பார்த்தேன். பசங்கள் கறுப்படிப்பதை நானும் தெருவில் பார்த்திருக்கிறேன். கிரில்லில்தான் ஆரம்பிப்பார்கள், எதிரே வருகிறவன் பார்க்க வேண்டும் என்றுதானே அடிப்பது. இவர் கிரில்லைத் தொடவே இல்லை. அது பழையபடி பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் பானட் பட்டை தெரிந்தது, கறுப்பு. கண்ணாடிக் கம்பிகள் தெரிந்தன, டேப் ஒட்டித் தயாராக இருந்தன. ஜன்னல் பட்டை தெரிந்தது. ஸ்டியரிங் நடுவில் இருந்த குரோம் வளையத்தின் மேல்கூட எப்போதோ கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து வெயிலில் மின்னிக் கண்ணில் அடிக்கிற ஒவ்வொன்றையும் தேடித் தேடி மூடியிருந்தார். கண்ணில் படாததை விட்டுவிட்டார்.

இறங்கினேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"கண்ணு தெரியல உங்களுக்கு."

"யார் சொன்னது? வெயில் பட்டாக் கொஞ்சம் கூசுது. அவ்ளோதான்."

"பெயின்ட் பட்ட எடம் படாத எடம் தெரியல. ரோட்டுல போற ஆளு மட்டும் தெரியுதா? குறுக்க ஒரு பிள்ளை ஓடியாந்தா? வண்டியில பக்கத்துல யாருங்க உக்காந்துகினு வர்றது? நம்ம பெத்ததுங்க!"

"கத்தாத ரோஸி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்! அதுங்களுக்காவது கண்ணு தெரியுதே!"

சத்தம் கேட்டு ஜெர்சி வெளியே வந்தாள். பட்டையில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தாள், அப்பா கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமாடி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்குத்தாம்மா பஸ்ஸுல போறதில்ல."

சாலமோன் அவளையே பார்த்தார்.

"தெனமும் நான் பேசிகினே வருவேன்ல? அப்பா, முன்னாடி லாரி ஒண்ணு நிக்குது பாரு, இண்டிகேட்டர்கூட போடல. அப்பா, ஸ்பீட் பிரேக்கருக்கு பெயின்ட்டே அடிக்கல பாரு. அப்பா, அந்த அக்கா எப்படி ரோடு தாண்டுது பாரு..." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சும்மா வாயாடிகினு வர்றேன்னு நெனச்சியாப்பா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். என்னிடமே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார், "உம் பொண்ணு வாயை மூட மாட்டேங்குறாடி, ரேடியோவே வேணாம் வண்டிக்கு" என்று. இப்போது வாய் லேசாகத் திறந்தபடி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு வைக்கலாம் போலவும் இருந்தது.

"சரி, இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் இவ சொல்லிகினு வர்றா. இவளை எறக்கி வுட்டுட்டு ஒரகடம் வரைக்கும் போறீங்களே, அங்க யாரு சொல்றா?"

அவர் விரலில் ஒட்டியிருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தான் இறங்கின பிறகு என்ன நடக்கிறது என்று ஜெர்சியும் யோசிக்கப் பயந்துதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் கேட்டில் இறங்கி, வண்டி திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு, லைனில் போய் நின்றிருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் "அப்பா வந்துடுச்சாம்மா?" என்று தவறாமல் போன் செய்வாளே, அது பாசம் என்றுதான் நான் நினைத்தேன்.

"போன மாசம் ஒரு சைக்கிள்" என்றார் அவர் திடீரென்று. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரசிகினு போச்சு. ஒண்ணும் ஆவல. பெரியவரு, எழுந்து போய்ட்டாரு. எனக்கு அது சைக்கிள்னு தெரிஞ்சதே அவரு திட்டும்போதுதான்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் தரை சுட்டது. எழத் தோன்றவில்லை.

"வண்டி இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன் ரோஸி?" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். தடுக்கவில்லை. யூனிட் சூப்பர்வைசர் முனிரத்தினத்துக்கு ஜெர்சிதான் போன் போட்டாள். நாளைக்கு வேறு வண்டி அனுப்புவதாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு மட்டுந்தானே?" என்று கேட்டார். அவள் போனை என்னிடம் நீட்டினாள். "தெரியாதுங்கண்ணே" என்று சொல்லி வைத்தேன்.

திங்கள் காலையில் ஜெர்சி கம்பெனி பஸ்ஸில் போனாள். நாங்கள் இரண்டு பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஹைவே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றோம். கண்புரையாக இருந்தால் ஆபரேஷனில் சரியாகிவிடும் என்று கங்கம்மாள் அக்கா சொல்லியிருந்தார். வேறு ஏதாவதாக இருந்தால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்கத் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஆறு மாதம் மறைத்தீர்களே, பெற்ற பெண்ணை வண்டியில் ஏற்றினீர்களே என்று கேட்க வேண்டும். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றார். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயர் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இந்த ரோட்டில் எந்த பஸ் எங்கே போகும் என்று ஊருக்கே சொல்கிற மனுஷர், பஸ் எங்கள் முன்னால் வந்து நின்ற பிறகும் கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"இது எங்க போற பஸ்ஸு ரோஸி?"

"பூந்தமல்லிங்க" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "படி ஒசரமா கீது. காலைப் பாத்து வையுங்க."