மூன்றாம் நாள் சொன்ன சொல்

என் கணவர் மௌத்தான மூன்றாம் நாள், பாத்திஹா ஓதி முடித்த கையோடு அவருடைய அண்ணன் கேட்டார்: "கடையை யாருக்காவது கை மாத்தி விட்டுடறேம்மா. சரிதானே?"

சரி என்றேன். அன்றைக்கு அவர் பல்லாவரம் மலையைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நாலு பேர் முன்னால் சொன்ன சொல் என்று அதை அவர் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்.

கீழ்க்கட்டளையில் எங்களுக்குப் பைப் கடை. நான் இத்தாவில் இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்தான் தனியாளாகக் கடையைத் திறந்து வைத்திருந்தார். கோவிலம்பாக்கம் பக்கம் எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். வியாபாரத்துக்குக் குறைவில்லை, சரக்குதான் அவர் கைக்கு அகப்படாது. எங்கள் வீட்டுக்கு ஓடி வருவார்.

"அக்கா, முக்கா இஞ்சு எல்போ எங்க கீது? பிளம்பர் வந்து நின்னுகினு கீறாரு."

"பின்னாடி ரேக்ல மூணாவது தட்டு" என்பேன், கதவுத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

எனக்கே ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கு அடுக்க உதவப் போனதும், சாப்பிடும்போது கணவர் புலம்பித் தள்ளியதும் வீண்போகவில்லை. இரண்டாம் மாதம் என்ன சரக்கு வாங்குவது என்று நானே சொன்னேன். மூன்றாம் மாதம் கீறல் விழுந்த பைப்புகளை அனுப்பிய மொத்த வியாபாரியிடம் போனில் சண்டை போட்டு, அத்தனையையும் திருப்பி எடுக்க வைத்தேன்.

இத்தா முடிந்த மறுநாள் அண்ணன் பத்திரத்தோடு வந்தார். மாட்டேன் என்றேன்.

"நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டது. இப்ப மாத்திப் பேசுறியே, நல்லா இருக்கா?"

சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். பயந்துபோய் மாற்றினால் தப்பு. ஆசைப்பட்டு மாற்றினாலும் தப்பு. ஒன்றுமே தெரியாதபோது சொன்னதை, தெரிந்த பிறகும் கட்டிக்கொண்டு அழுவதற்கு எவன் நேர்மை என்று பெயர் வைத்தான்? கபுரில் மண் காய்வதற்குள் கேட்டுவிட்டு, என்னிடம் நியாயம் பேசுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அன்னைக்கு என்னால முடியாதுன்னு நெனச்சேன், ஒத்துக்கிட்டேன். முடியும்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு. தர மாட்டேன்."

அவர் சிரித்தார். "கடையை நடத்துறது யாரும்மா?"

"இந்த நாலு மாசமா யாரு நடத்துறான்னு நெனச்சீங்க?"