கல்யாண ஓடை

எங்கள் ஊருக்குள்ளே ஓடுகிற சாக்கடைக்குக் கல்யாண ஓடை என்று பெயர். நகராட்சி வைத்த பெயர் இல்லை, எங்கள் ஆட்கள் வைத்தது. அந்தக் கல்யாணம் என்னுடையது. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆகவே இதை நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் பெருகினார்கள், வீடுகள் பெருகின, அவற்றோடு கழிவுத் தண்ணீரும் பெருகியது. டவுன் சாக்கடைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எங்கள் பள்ளத்தின் வழியாக நொய்யலில் விடுவது என்று நகராட்சி திட்டம் போட்டது. பள்ளம் என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற சின்ன ஓடை. அதன் கரையில்தான் நாங்கள் குடிக்கிற கிணறு. டவுன் உண்டாவதற்கு முன்பிருந்தே எங்கள் சனம் அங்கே குடியிருக்கிறது. ஆனால் காகிதத்தில் அது புறம்போக்கு.

ஊர்ச் சம்மதம் இல்லாமல் மண்வெட்டி வைக்கமாட்டோம் என்று நகராட்சி ஓவர்சியர் வந்து சொன்னார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். சம்மதித்தால் குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் தருகிறோம் என்றார். அன்றைக்கே ஊர் இரண்டாகப் பிரிந்தது. குழாய் வந்துவிட்டால் கிணறு எதற்கு என்றது ஒரு பாதி. டவுன்காரன் கழுவிவிட்ட தண்ணீர் நம் வாசலில் ஓடுவதா என்றது மறுபாதி. எங்கள் பெரியப்பன்தான் ஊர்த்தலைவர். அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, யாரும் நினைக்காத ஒன்றைச் செய்தார். மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டார், அதாவது திருவிழா அறிவித்துவிட்டார்.

நோம்பி சாட்டினால் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள வேப்பங்கவையை வெட்டி வந்து கம்பமாக நடுவார்கள். தினமும் காலையில் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் சேந்தி அதற்கு ஊற்ற வேண்டும். கம்பம் நிற்கிற வரைக்கும் ஊர் எல்லைக்குள் யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது, வீட்டில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது, கல்யாணம் கூடாது. சாட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் எங்கே போனாலும் இரவு ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். வழக்கமாகப் பதினைந்து நாளில் பொங்கல் வைத்துக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவோம். இந்த முறை பெரியப்பன் பொங்கலுக்கு நாளே குறிக்கவில்லை.

ஓவர்சியர் ஆட்களோடு வந்தார். வந்த கூலிக்காரர்கள் கம்பத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அடுத்து வருவது தெரியவில்லை.

குன்னத்தூரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, வைகாசியில் முகூர்த்தமும் குறித்திருந்தார்கள். சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கீல் கழன்று தொங்கிய எங்கள் வீட்டுக் கதவை, யாரும் கேட்காமலே தூக்கி நிறுத்திச் சரிசெய்துவிட்டுப் போனார். பிடித்திருந்ததா என்றால், ரொம்பப் பிடித்திருந்தது. காதர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை எனக்கு. மடிக்கும்போதெல்லாம் இது குன்னத்தூர் போகுமோ, அவர் போடுவாரோ என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பைத்தியமாக இருந்தேன்.

வைகாசி வந்தது, கம்பம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரிலேயே தாலி கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கட்டிக்கொள்ளலாம், ஆனால் இரவு நான் இங்கே வந்துதான் படுக்க வேண்டும். அப்படியொரு கல்யாணத்தை யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். ஆனி தாண்டினால் ஆடி, ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

அதற்குள் ஊருக்கே மூச்சு முட்டிவிட்டது. ஆண்களுக்குச் சலவைப்பட்டறையில் இரவு வேலை போயிற்று. ஊத்துக்குளியிலிருந்து ஒரே இரவுக்கென்று வந்து மாட்டிக்கொண்ட என் அத்தை வீட்டுக்காரர், காலையில் ரயிலேறிப் போய் எருமை கறந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ரயிலேறி எங்கள் வீட்டுக்கே படுக்க வந்தார். தாளிக்காத குழம்பைத் தின்று தின்று நாக்கு செத்துப்போனது. நான் இருட்டுவதற்குள் கிளம்பினால் சூப்பர்வைசர், “உங்க கம்பத்தக் கொண்டாந்து கம்பெனியில நட்டுரு, இங்கயே படுத்துக்கலாம்” என்பார். எனக்கு அழுகை வரும். ஓவர்சியரை மடக்கத்தான் வேலி போட்டார்கள், உள்ளே அடைபட்டது நாங்கள். அவர் தினமும் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

கம்பத்தை எடுத்துவிடலாம் என்று எல்லோருடைய மனசிலும் இருந்தது. குழாய் வேண்டாம் என்று குதித்தவர்கள்கூட, ஓவர்சியர் சொன்ன குழாய் எந்த முனையில் வரும் என்று மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பொங்கலுக்கு நாள் குறி, கம்பத்தை எடு என்று சொல்லுகிற முதல் வாய் யாருடையது? நாளைக்குக் கிணறு கெட்டால் அந்த வாய்க்குத்தானே சாபம்.

அம்மனுக்குப் பொங்கல் வைக்காமல் கம்பத்தை எடுக்க வழக்கத்தில் ஒரு வழி உண்டு. கல்யாணம் தடைப்பட்ட பெண் கம்பத்தின் முன்னால் நின்று தன் வாயால் வழி கேட்க வேண்டும், என் கல்யாணத்துக்கு வழி விடு தாயே என்று. வெட்கத்தில் எதை முணுமுணுத்தாலும் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வாயே திறக்கவில்லை என்றால் மட்டும் தொடக் கூடாது. கம்பத்தைப் பிடுங்குகிறவர் பூசாரி. பூசாரி என் அப்பா.

ஆனி முடியப்போகிற ஒரு மத்தியானம் தரகர் வந்தார். பெரியப்பனும் அப்பாவும் வீட்டில் இருந்தார்கள். தரகர் உட்காரவில்லை.

“அவங்க வேற பக்கம் பூ வச்சுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனுங்க” என்றார்.

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் சரிசெய்த அதே கதவு. பெரியப்பன் தரகரைப் பார்த்து, “இத ரெண்டு நாளைக்கு வெளிய சொல்லாதீங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, நாளைக்குக் காலைல கம்பத்துக்கு முன்னால நின்னு வழி கேட்டுரு.”

“எதுக்குங்க? அதுதான் முடிஞ்சு போச்சே.”

“உனக்கு முடிஞ்சுது. ஊருக்கு இன்னும் முடியலியே.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “நம்மால ஊருக்கு ஒரு நல்லது ஆகட்டும் சாமி” என்றார். என்னை அவர் சாமி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவரும் பெரியப்பன் பக்கம்தான் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மஞ்சள் புடவை கட்டி, தலையில் பூ வைத்து என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊரே கூடியிருந்தது. ஓவர்சியரும் குடையோடு ஓரமாக நின்றார். முகங்களைப் பார்த்தேன். இரக்கப்படுகிற மாதிரி இருந்தார்கள். பலருக்குத் தரகர் சேதி அதற்குள் தெரிந்திருந்தது என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். பாவம் இந்தப் பெண் கேட்கட்டும், நாம் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள்.

இரவெல்லாம் நினைத்து வைத்திருந்தது ஒன்றுதான். அம்மன் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உண்மையைச் சொல்லிவிடுவேன், அதற்கப்புறம் எந்த முகத்தோடு கம்பத்தைத் தொடுகிறார்கள் பார்க்கலாம்.

“கேளு கண்ணு” என்றார் பெரியப்பன்.

“எனக்குக் கல்யாணம் இல்லீங்க. என்னச் சொல்லி எடுக்காதீங்க” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

என் பக்கத்தில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓவர்சியர் குடையைச் சாய்த்து, “பொண்ணு என்ன சொல்லுதுங்க?” என்று கேட்டார்.

“வாயத் தொறந்துட்டாளுங்க. வழி கேட்டாச்சு” என்றார் பெரியப்பன்.

உடனே தப்பட்டை அடித்தார்கள். அதற்குப் பிறகு நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அப்பா கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு வழியைத்தான் வழக்கம் எனக்கு வைத்திருந்தது. நான் போய் உண்மையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

கம்பத்தைக் கிணற்றில் விட்டார்கள். அன்றைக்கே எல்லோரும் தாளித்தார்கள், தெருவெல்லாம் கடுகு வாசம். அத்தை வீட்டுக்காரர் ஊத்துக்குளி போய்ச் சேர்ந்தார். பெரியவர்கள் கைநாட்டு வைத்தார்கள், கால்வாய் வெட்டினார்கள். குழாய் வந்தது, அதில் தண்ணீர் எப்போதாவது வந்தது. சில வருஷத்தில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போனது. யார் இதற்குச் சம்மதித்தது என்று இளவட்டங்கள் கேட்டபோது, ஒரு பெண் கல்யாணத்துக்காக விட்டுக்கொடுத்தோம் என்று சொன்னார்கள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, முறை மாமனோடு, இதே ஊரில். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடு. புறப்பட்டுப் போன தூரம் ஒரு பலகைப் பாலம். அப்பா சாகிற வரைக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

எழுபதுகளில் தெற்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறியது. அந்த அம்மாள் ஒருநாள் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, இந்த நாற்றத்துக்குப் போய் ஏன் கல்யாண ஓடை என்று பேர் என்று கேட்டாள். ஊர் சொல்லுகிற கதையை அவளே பாதி கேள்விப்பட்டிருந்தாள்.

“ஏக்கா, அந்தப் பிள்ளைக்காவது கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?”

“இல்லீங்க” என்றேன்.

அதற்குள் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பாதிப் பாலம் தாண்டியிருந்தாள்.