ஐதராபாத்துக்கு மழை சொல்லும் மருமகள்

டெல்சி காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பதில்லை, பாகிஸ்தானைப் பார்க்கிறார். அதன் வடக்கு மூலையில் நேற்று வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கணினியில் பார்த்துவிட்டு, கிழக்குத் தொடர்ச்சி மலைக்குத் தாவுவார். இரண்டையும் ஒப்பிட்டு முடித்த பிறகுதான் பல் தேய்ப்பு. கடற்கரை ஊரான முட்டத்தில், தன் தலைக்கு நேர் மேலே என்ன நடக்கிறது என்பது கொடியில் கிடக்கும் துணி நனைந்த பிறகே அவருக்குத் தெரியவரும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே பருவமழை ஆராய்ச்சி செய்கிறார். கணவர் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டில். வீட்டில் துணைக்கு மாமியார் பேபி. நெத்திலியைக் காயவைத்து விற்பவர். மருமகளின் திரையில் நாடு முழுக்கப் புள்ளிகள், குறுக்கும் நெடுக்கும் கோடுகள். எந்த ஊர் வானிலை எந்த ஊரோடு சேர்ந்து அசைகிறது என்ற படம் அது. பேபி ஒருநாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணியில மத்தி கூட நிக்காதே மோளே, எவன் முடைஞ்ச வலை?" என்றாராம்.

பக்கத்து வீட்டுக்காரியான எனக்குக் கணக்கென்றாலே காய்ச்சல். நாளைய மழையைச் சொல்ல முடியாதவர் நாற்பது நாள் கழித்து வருவதை எப்படிச் சொல்கிறார் என்று வம்புக்கிழுத்தேன். டெல்சி சிரித்தார்.

"கோயில் திருநாள் கொடியேத்துக் கூட்டத்துல எவன் எந்தப் பக்கம் தள்ளுவான்னு சொல்ல ஒக்குமாக்கா? ஒக்காது. ஆனா முன்னால நிக்கவனும் கடைசியில நிக்கவனும் ஒண்ணுபோல ஆடத் தொடங்கினா, கூட்டம் நகரப்போவுதுன்னு சொல்லிப்போடலாம். மழையும் அப்படித்தான்."

வினை வந்தது மே ஏழாம் தேதி. கணக்கு முடிந்த சந்தோஷத்தில் டெல்சி உள்ளேயிருந்து, "மாமி, மழைக்கு இன்னும் நாப்பது நாளு கெடக்கு!" என்று கத்தியிருக்கிறார். பேபி அதை நம்பி மூன்று கூடை நெத்திலியை மணலில் விரித்துவிட்டு, கோயிலுக்கு ஜெபமாலை சொல்லப் போய்விட்டார். மூன்று மணிக்குக் கோடைமழை வெளுத்து வாங்கியது. அத்தனையும் தென்னை மரத்தடிக்கு உரமாயின.

"நாலு மணிக்கூர் கூட ஆவலியேட்டி!"

"நான் ஐதராபாத்துப் பக்கத்தச் சொன்னேன் மாமி."

"அங்கயா எனக்கு நெத்திலி காயுது?"

அன்றோடு பேச்சு நின்றது. சோறு வரும், குழம்பு வரும், சொல் வராது. தன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பேராசிரியர்கள் நார்நாராகக் கிழித்தபோதும் அழாத பெண், இதற்கு என்னிடம் அழுதார். "படிச்சவ சொன்னான்னு நம்பினாவ. இனி என்னைய எதுக்கும் நம்ப மாட்டாவக்கா." முட்டத்தில் மழை, அதற்குப் பிறகும் யாரையும் கேட்காமல் பலமுறை வந்துபோனது.

டெல்சிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பேபியின் தங்கை மகள் பிரிஜா ஐதராபாத்தில் நர்ஸ். ஜூன் பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பேபி கிணற்றடிக்குப் போனைக் கொண்டுபோய், "அங்க மழை உண்டா மக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பதில் தினமும் ஒன்றுதான்: "வெயிலு கொல்லுது பெரியம்மா."

பதினாறாம் தேதி, டெல்சி சொன்ன நாற்பதாவது நாள், காலையில் நானும் அங்கே நின்றேன். முட்டத்தில் நல்ல வெயில். அன்று போனின் ஒலிபெருக்கியில் பிரிஜாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ராத்திரி தொடங்கினது பெரியம்மா, ரோடெல்லாம் வெள்ளம். மழைக்காலம் பிறந்தாச்சுன்னு நியூஸ்லயும் சொல்லுதான்."

டெல்சி அறையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றார். பேபி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, சுள்ளென்ற வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலிமேல் தார்ப்பாயை இழுத்து மூடத் தொடங்கினார்.

"நிக்கியே பாத்துட்டு! நீ சொன்ன மழை வந்தாச்சு, பிடிட்டி!"

"மாமி, அது இங்க..." என்று தொடங்கிய டெல்சி ஓடிப்போய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தார்.