கோட்டோர நாற்காலி

ஒற்றை விசில் கேட்டதும் டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். ஊதியது கண்டக்டர் இல்லை. ராஜபாளையம் பேருந்தில், பெண்கள் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களின் முன்னால் விசிலோடு நிற்கிறாள் எலினா. கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ரெண்டு பேரும் அவுட்டு. எந்திரிங்க."

எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறார். "என்ன அண்ணாச்சி, அப்பீலா?" என்கிறாள். பேருந்தே சிரிக்கிறது, அவள் சிரிக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு நின்றபடியே வருகிறாள்.

முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் வ. புதுப்பட்டி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அதெல்லாம் சோற்றுக்கு. என்ன செய்கிறாய் என்று கேட்டால், "நான் கபடி ரெப்ரி" என்றுதான் சொல்வாள். பொய்யில்லை, மாநில அளவில் நடுவர் தேர்வு எழுதித் தேறியவள். முழங்கால் பிசகி ஆட்டம் போன பிறகும் களத்தை விட்டுப் போக மனசு வரவில்லை. ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது நடுக்கோட்டில் நின்று விசில் ஊத வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவள்.

அதற்குத்தான் எத்தனை முட்டுக்கட்டை! ஸ்ரீவில்லிபுத்தூரோ, கான்சாபுரமோ, பெண்கள் ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். ஆண்கள் இறங்கியதும் அவளுக்குக் கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவளுக்குப் பின்னால் தேறியவர்களெல்லாம் தப்பும் தவறுமாக ஊதுவதை அதில் உட்கார்ந்து பார்த்துத் தொலைக்க வேண்டும். பற்றிக்கொண்டு வராதா? வரும். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். "இன்னைக்கும் சேர்தானா?" என்று வாயைக் கொடுக்கும் கணவன் பெனினுக்கு அன்று ரசம்கூடக் கிடைக்காது.

அந்த வருஷப் பொங்கலுக்கு வ. புதுப்பட்டியிலேயே போட்டி. "இந்தத் தடவ பைனலு ஒனக்குத்தான்" என்று விழாக் குழுத் தலைவர் கண்ணுச்சாமி வாய் நிறையச் சொல்லியிருந்தார். அரையிறுதி முடிந்ததும் பேச்சை மாற்றினார்.

"ஆம்பளப் பயலுக ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவானுக தாயி. ஒனக்கு எதுக்கு?"

"காலு கோட்டத் தாண்டுச்சான்னு பாக்கக் கண்ணு போதும் அண்ணாச்சி. மீச எதுக்கு?"

"கோவப்படாத. ஒன்னைய மேடையிலயே நிப்பாட்டுறோம். விருந்தாளிக்குச் சால்வ போத்தையில தட்டு ஏந்த ஆளு வேணும்ல?"

சொன்னபடியே மேடையேற்றித் தட்டைக் கையில் திணித்தார்கள். மைக்கில், "நமது அன்புச் சகோதரி எலினா" என்றார்கள். நடுவர் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கீழே இரண்டு அணியும் களத்தில் இறங்கி, தொடையைத் தட்டிக்கொண்டு நின்றன. ஊதப் போகிறவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். எலினாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. படித்துத் தேறியது இதற்கா? தட்டு ஏந்தவா?

"அண்ணாச்சி, இதச் செத்த நேரம் பிடிங்க."

கண்ணுச்சாமியின் கை தன்னால் நீண்டுவிட்டது. ஊரே பார்க்க, சால்வையும் சந்தன மாலையுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு மேடை நடுவில் நின்றார். "ஏட்டி, ஏட்டி..." என்றது மட்டும் கேட்டது.

எலினா திரும்பவில்லை. நடுக்கோட்டில் போய் நின்று, இரண்டு கேப்டன்களையும் ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டாள்.